எந்தக் கம்பனி ரோச்?

கிளிநொச்சியில் கண்டி வீதியோரக் கடைகளில் ரோச் லைற் கேட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது, "கம்பனிச் சாமான் வேணுமோ, இல்லாட்டிச் சும்மா பாவிக்கிறதுக்கோ?" என்பதுதான். உருத்திரபுரத்தில் வயல் செய்கிற மாமாவுக்கு வாங்கப் போன எனக்கு அந்தக் கம்பனி எது என்று அறிய ஆசை வந்தது. "பிள்ளை, நல்லதொண்டாப் பார்த்து வாங்கித் தா. போனமுறை வாங்கினது ரண்டு மழைக்குத் தாங்கேல்லை" என்று மாமா சொல்லியிருந்தார்.

மாமாவுக்கு ரோச் இல்லாமல் இரவு இல்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வாய்க்காலில் வரும். முறை இரவில் வந்தால் இரவில்தான் வரம்பு வெட்டித் தண்ணீர் கட்ட வேண்டும். கதிர் முற்றினால் பன்றிக்குக் காவல். வரம்பில் கண்ணாடிப் புடையன் படுத்திருக்கும். இவ்வளவுக்கும் ஈடுகொடுக்கிற ரோச் எது என்று கேட்டால் கடைக்காரர் எட்டுப் பத்துப் பெட்டிகளைக் கண்ணாடி மேசையில் பரப்புகிறார். பெட்டியில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், கழுகின் படம் அல்லது சிங்கத்தின் படம், பக்கத்தில் "ஒரு இலட்சம் லூமன்".

பெட்டிகளைத் திறந்து உள்ளே கிடந்தவற்றை அடுத்தடுத்து வைத்தபோது, மூன்று பெயரில் மூன்று விலையில் இருந்தவை ஒரே அச்சில் வார்த்த ஒரே ரோச் என்பது தெரிந்தது. ஆளிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேடுகூட ஒன்றுதான். சீனாவின் நிங்போ பகுதியிலும் ஷென்சென் பகுதியிலும் இருக்கிற ஆலைகள் இறக்குமதியாளர் கேட்கிற பெயரை அச்சடித்துக் கொடுப்பவை. மேசையில் கிடந்த பெயர்களில் பல கொழும்பில் யாரோ ஒரு வியாபாரிக்கு ஒரு நாள் தோன்றிய பெயர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆக, கடைக்காரர் சொன்ன கம்பனியைத் தேட இந்தப் பெட்டிகள் உதவா. பழைய ரோச் ஒன்றிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் அம்மப்பாவின் ரோச் இருக்கிறது. வெள்ளி நிறத் தகரக் குழல், உடம்பு முழுக்க வரிவரியாக வார்ப்பு, பின்மூடியில் ஆணியில் தொங்கவிட ஒரு வளையம். பின்மூடிக்குள் மேலதிகமாக ஒரு பல்ப் செருகி வைக்க இடம். எவரெடி. அம்மப்பா விசுவமடுவில் மிளகாய் போட்டவர். 1970க்கும் 1977க்கும் இடையில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியபோது செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வந்த விலை வன்னியில் பல கல்வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. "மிளகாய்க் காசிலை முதல் வாங்கினது றேடியோ. ரண்டாவது இந்த ரோச்" என்பார் அம்மா. மூன்றாவதாக வாங்கியதை ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மாவின் கல்யாண நகையாக இருக்கலாம்.

எவரெடி எங்கே தொடங்கியது என்று பார்த்தால் நியூயோர்க். ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன கொன்ராட் ஹியூபேர்ட் என்பவர் அங்கே மின்சார விளையாட்டுச் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார்: வெளிச்சம் வரும் கழுத்துப்பட்டி ஊசி, வெளிச்சம் வரும் பூச்சாடி. டேவிட் மிசெல் என்ற கண்டுபிடிப்பாளர் அவரோடு சேர்ந்தார். கடதாசியும் நாரும் கொண்டு செய்த குழலுக்குள் உலர் பற்றறிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, முனையில் பல்பும் தெறிப்பானும் வைத்த அவருடைய மின் விளக்குக்கு 1899 ஜனவரி 10ஆம் திகதி அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இலக்கம் 617,592. முதலில் செய்தவற்றில் சிலவற்றை நியூயோர்க் பொலிசாருக்கு இலவசமாகக் கொடுத்து, அவர்களிடம் நல்ல வார்த்தை எழுதி வாங்கி விளம்பரம் செய்தார்கள். அந்தக் காலத்துக் காபன் இழை பல்பும் பலவீனமான பற்றறியும் தொடர்ந்து எரியாது. கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் விட்டு, பற்றறி மூச்சு வாங்கியபின் மறுபடி அழுத்த வேண்டும்.

1914இல் ஹியூபேர்ட்டின் கம்பனியை நஷனல் காபன் என்ற பற்றறிக் கம்பனி வாங்கியது. 1917இல் அது யூனியன் கார்பைட் குழுமத்துக்குள் போனது. என் தேடலில் முதல் வெளிச்சம் இங்கேதான் விழுந்தது. ரோச்சை ஒருமுறைதான் வாங்குவோம், பற்றறியை மாதாமாதம் வாங்குவோம். எவரெடிக்காரருக்கு ரோச் என்பது பற்றறி விற்கிற வழி. ஒன்பது என்ற இலக்கத்துக்குள்ளால் பாயும் கறுப்புப் பூனையை நாங்கள் பார்த்ததும் பற்றறியில்தான்.

அதே பெயர் பிறகு பல கைகளுக்குப் பிரிந்தது. பிரித்தானிய எவரெடி தனிக் கம்பனி. தன் சாமானை வெளிநாடுகளில் பெரெக் என்ற பெயரிலும் விற்றது. இந்தியாவில் எவரெடி யூனியன் கார்பைட் இந்தியாவுடையது. வட சென்னையில் அதற்குப் பற்றறி ஆலையும் லக்னோவில் ரோச் ஆலையும் இருந்தன. 1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு போபாலில் நச்சுவாயு கசிந்த பூச்சிமருந்து ஆலையும் அந்தக் கம்பனியுடையதே. வீட்டுக்கு வீடு ரோச்சும் பற்றறியும் கொடுத்த கம்பனிதான் இதுவும் என்பதைப் பற்றறி வாங்கிய எத்தனை பேர் அறிந்திருப்பார்களோ. 1986இல் அமெரிக்க யூனியன் கார்பைட் தன் பற்றறித் தொழிலை ரால்ஸ்ரன் பியூரினா என்ற, நாய்க்கும் பூனைக்கும் தீனி செய்கிற கம்பனிக்கு விற்றது. இந்தியக் கம்பனி 1994இல் கல்கத்தாவின் தேயிலை முதலாளிகளான கைத்தான் குடும்பத்திடம் போனது. பூனை அப்படியே இருக்க, முதலாளிகள் மாறிக்கொண்டே போனார்கள்.

ஆனால் அம்மப்பாவின் ரோச்சின் கதை கம்பனிகளோடு முடிவதில்லை. அது ட்ரங்குப் பெட்டிக்குள் போனதற்குக் காரணம் வேறு.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியபின் வடக்குக்குக் கறன்ற் நின்றது. அதோடு வந்த பொருளாதாரத் தடையில் சீமெந்து, இரும்பு, யூரியா, எரிபொருள் என்று நீண்ட பட்டியலில் பற்றறியும் இருந்தது. கண்ணிவெடிக்குப் பயன்படும் என்பது காரணம். தாண்டிக்குளச் சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிப் பார்க்கும்போது ஒரு பென் ரோச் பற்றறி அகப்பட்டாலும் ஆள் நிற்பாட்டப்படுவார். கடலால் வந்ததென்று சில பற்றறிகள் எப்போதாவது கிடைக்கும். விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டு வருவார்கள். எந்தக் கம்பனி என்ற கேள்வியே பன்னிரண்டு வருடம் வன்னியில் எழவில்லை.

1996இல் கிளிநொச்சியை இராணுவம் பிடித்தபோது எங்கள் ஆட்கள் ஸ்கந்தபுரத்துக்கும் அக்கராயனுக்கும் மல்லாவிக்குமாகச் சிதறினார்கள். அந்த வருடங்களைப் பற்றி மாமாவிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்தால் கொஞ்ச நேரம் எரியும். அதற்கும் எரியாவிட்டால் ஆணியால் துளை போட்டு உப்புத்தண்ணீர் விட்டு, மெழுகால் அடைத்துவிட்டால் ஓரிரவு செய்தி கேட்கலாம். இது வெறும் கைவைத்தியம் இல்லை. 1866இல் பிரான்சின் ஜோர்ஜ் லெக்லாஞ்சே செய்த கலத்தின் பரம்பரைதான் அந்தப் பற்றறி: வெளியே நாகக் கோது, நடுவில் காபன் கோல், இடையில் மங்கனீசு ஈரொட்சைட்டும் ஈரமான உப்புக் கலவையும். கலவை வரண்டால் உள்ளே மிச்சமிருக்கிற நாகமும் வேலை செய்யாது. ஈரம் கொடுத்தால் மிச்சத்தைத் தந்துவிட்டுச் சாகும். வெயிலின் சூடும் உள்ளே நடக்கும் தாக்கத்தைக் கொஞ்சம் விரைவுபடுத்தும். இரசாயனவியல் படித்தவர்கள் சொல்லித் தந்தார்களோ, சனம் தானாகக் கண்டுபிடித்ததோ, மாமாவுக்கு நினைவில்லை.

பிறகு சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டயரோடு உரசும் டைனமோவிலிருந்து கம்பி இழுத்து றேடியோவுக்குக் கொடுப்பார்கள். சுற்றுகிறவன் களைத்தால் பிபிசி தமிழோசையின் குரல் இழுபடும். சுற்றி இருக்கிறவர்கள் ஏசுவார்கள். ஆறு வோல்ற், மூன்று வாற் டைனமோ அது. றோட்டில் அதே டைனமோதான் ரோச். சைக்கிள் வேகமாகப் போனால் வெளிச்சம், ஆமி ஷெல் குத்திய கிடங்குக்குக் கிட்ட வேகத்தைக் குறைத்தால் இருட்டு. எப்போது வெளிச்சம் அதிகம் தேவையோ அப்போது இருக்காது என்று மாமா இன்றைக்கும் சிரிப்பார்.

வீட்டுக்குள் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவு மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள்ளால் இழுத்த மெல்லிய நூல் திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது, எண்ணெய் குடிப்பதும் குறைவு. உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்கள் அந்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள். என் பார்வையில் இந்தத் தீவில் எவரும் செய்த சிறந்த விளக்கு வடிவமைப்பு அதுதான். அதற்குக் காப்புரிமை இலக்கம் கிடையாது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 வீதி திறப்பு. தென்னிலங்கையிலிருந்து சாமான் லொறிகளில் வந்து குவிந்தபோது முதலில் வந்தவற்றில் பற்றறியும் இருந்தது. ஆனால் எவரெடியின் காலம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. தடைக்குள் நாங்கள் பற்றறியைக் காயவைத்துக்கொண்டிருந்த அதே வருடங்களில் ஜப்பானில் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. 1991இல் சொனி லிதியம் அயன் பற்றறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1993இல் நிச்சியா கம்பனியின் ஷுஜி நகமுரா பிரகாசமான நீல எல்இடியைச் செய்தார். அதன்மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசி வெள்ளை வெளிச்சம் எடுத்தார்கள். அகசாகி, அமனோ ஆகியோரோடு அவருக்கு 2014இல் நோபல் பரிசு. கடையில் கண்ணாடி மேசையில் பரப்பியிருந்த எட்டுப் பத்துப் பெட்டிகளுக்குள்ளும் இருப்பவை இந்த இரண்டும்தான். அம்மப்பாவின் இரண்டு பற்றறி ரோச் பதினைந்து லூமனைத் தாண்டியிருக்காது. இன்றைக்கு விரலளவு எல்இடி ரோச் நூறு லூமன் தருகிறது.

போர் முடிந்த 2009ஐ இங்கே எழுதப்போவதில்லை. மீளக் குடியேறியபின் வவுனியாவிலிருந்து உயரழுத்தக் கம்பி வந்து, ஊருக்குள் கறன்ற் வந்து, ரோச் தேவையில்லாத காலம் வந்துவிட்டதென்று நினைத்திருந்தபோது 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாகச் சொல்லி நாடு முழுக்க இருண்டது. ஜாம் போத்தல் விளக்கு செய்யத் தெரிந்தவர்கள் வன்னியில் அன்றைக்கு அலட்டிக்கொள்ளவில்லை.

இனி மாமாவின் ரோச். பெட்டியிலிருக்கும் பெயரை விட்டுவிட்டேன். முதலில் அந்த ஒரு இலட்சம் லூமன். நல்ல எல்இடி ஒரு வாற்றுக்கு நூறு லூமன் அளவில் தரும். ஆக ஒரு இலட்சத்துக்கு ஆயிரம் வாற் வேண்டும். கையில் பிடிக்கிற ஆயிரம் வாற் என்றால் இஸ்திரிப் பெட்டியின் சூடு. உள்ளே இருக்கிறது 18650 என்ற ஒரு லிதியம் கலம், அதாவது 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். அது நல்லதாக இருந்தால் ஏறத்தாழ 12 வாற் மணி. ஆயிரம் வாற் இழுத்தால் ஒரு நிமிடம்கூட நிற்காது. அந்தக் கலத்தின்மேல் "9900 மில்லி அம்பியர் மணி" என்று ஒட்டியிருந்தால் தூக்கி அப்பால் வைத்துவிடலாம். இந்த அளவுக் கலத்தில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் எதிர்பார்ப்பது வீண். எடையும் சொல்லிக் கொடுக்கும். நல்ல கலம் 45 கிராமுக்குக் குறையாது. கடையில் கலத்தை வெளியே எடுத்துக் கையில் ஏந்திப் பார்க்க விடாத ரோச்சை, ஒட்டி மூடியதை, நான் வாங்குவதில்லை. பற்றறி செத்தால் ரோச்சும் குப்பைக்குப் போகும்.

சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றுகிற பிளாஸ்ரிக் ரோச்சுகளில் பல ஈய அமிலப் பற்றறியில் ஓடுபவை. மலிவுதான். ஆனால் இறங்கிய பற்றறியை ஏற்றாமல் மாரி முழுக்க மூலையில் போட்டால் ஈயத் தகட்டில் சல்பேற் படிந்து, பிறகு ஏறாது. மாமாவின் போன ரோச்சும் அந்த வகை. மழையோடு இந்தப் பழக்கமும் சேர்ந்திருக்கும்.

2009இல் அமெரிக்காவில் ரோச்சுகளுக்கென்று அன்சி எஃப்எல் 1 என்றொரு தரம் வந்தது. வெளிச்சம், எரியும் நேரம், எட்டும் தூரம், தண்ணீர் தாங்குதல், விழுந்தால் தாங்குதல் ஆகியவற்றை ஒரே முறையில் அளக்கச் சொல்கிறது. எட்டும் தூரம் என்பது வெளிச்சம் கால் லக்ஸாகக் குறையும் தூரம், அதாவது நல்ல பூரணை நிலவின் அளவு. பூரணையில் வரம்பு நடந்த எவருக்கும் விளங்குகிற அளவுகோல். பீனிக்ஸ், நைற்கோர் போன்ற சீனக் கம்பனிகளும், அமெரிக்காவின் மக்லைற்றும் இந்த எண்களை எழுதுகின்றன. கனடாவிலிருந்து வருகிற மச்சான்மார் மக்லைற்றைப் பொல்லு மாதிரித் தோளில் வைத்துக்கொண்டு வருவார்கள். நல்ல சாமான், விலையும் அப்படி. கம்பனிச் சாமான் என்று கடைக்காரர் சொன்னதற்கு ஏதும் பொருள் இருக்குமானால், அது இந்த ஐந்து எண்களைப் பெட்டியில் போடத் துணிகிற கம்பனி.

வரம்பில் நடக்க ஐம்பது லூமன் போதும், ஆனால் அகலமாக விழ வேண்டும். பன்றி பார்க்கத் தூரம் வேண்டும். அது வேறு தெறிப்பான். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் சருகும் கண்ணாடிப் புடையனின் மண்ணிறப் புள்ளியும் ஒன்றாகத் தெரியும், கொஞ்சம் மஞ்சள் சாய்ந்த வெளிச்சத்தில் பிரிந்து தெரியும். கடைக்காரரிடம் மஞ்சள் வெளிச்ச ரோச் கேட்டால் "அது மங்கல், ஆரும் வாங்கமாட்டினம்" என்கிறார். கைபேசியின் வெளிச்சம் போதாதா என்று கேட்கிற இளையவர்களுக்கு: பாம்பு கடித்தால் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சுக்கு எடுக்க வேண்டிய போனின் பற்றறியை வரம்பிலேயே தீர்த்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது?

கடைசியில் கலம் கழற்றக்கூடிய, மழை தாங்கும் என்று ஐபிஎக்ஸ்7 எழுதிய, நடுத்தர விலையில் ஒன்றை வாங்கிக் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு ரோச் பிடிக்க மூண்டாவது கை வேணுமல்லோ பிள்ளை" என்றார். தலையில் கட்டுகிற லைற்றைத்தான் மனதில் வைத்திருந்திருக்கிறார். கையிலிருந்ததை மாமி எடுத்துக்கொண்டார். அடுத்த கிழமை அதே 18650 கலம் போடுகிற தலை லைற் ஒன்று தேடி எடுத்தேன். இப்போது வீட்டில் மூன்று கலம். இரண்டு பாவனையில், ஒன்று சார்ஜில்.