ஃபியூஸ் யாருக்காக?

பன்னிரண்டு வோல்ட் என்றால் நமக்கெல்லாம் ஓர் அலட்சியம். வீட்டு 230 வோல்ட்டுக்குப் பயப்படுவோம். கார் பேட்டரி ஷாக் அடிக்காது என்பதால் சாது என்று நினைத்துக்கொள்வோம். அந்தத் தைரியத்தில்தான் 2009 மே மாதம் என் குடும்பத்தைக் காரோடு கொளுத்தப் பார்த்தேன்.

என் அத்தை பையன் கரோக்கி கச்சேரி நடத்துபவன். போகிற ஊரில் கரன்ட் போனாலும் பாட்டு நிற்கக்கூடாது என்று டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைக்க ஆசைப்பட்டான். "மச்சான், நீ பிஸிக்ஸ் படிச்சவன், சொல்லு" என்றான். அதற்கு மேல் என்ன வேண்டும்? ப்ளஸ்ஸோடு ப்ளஸ், முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு தடித்த சிவப்பு ஒயர், மைனஸ் காரின் பாடியில். முன் பேட்டரி பக்கத்தில் 80 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. "பின்னாடியும் ஒண்ணு போடணுமா?" என்று கேட்டான். "ஒரே ஒயர்தானேடா, ஒண்ணு போதும்" என்றேன். படித்தவன் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்!

திண்டிவனம் தாண்டியதும் கருகல் வாசனை. யாரோ ரோட்டோரம் டயர் கொளுத்துகிறார்கள் என்றேன். அடுத்த நிமிஷம் கார்ப்பெட்டிலிருந்து புகை. பின்சீட்டில் என் மனைவி மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு வயசு மகளை அப்படியே அள்ளிக்கொண்டு எல்லாரும் வெளியே குதித்தோம். பானெட்டைத் திறந்தால் ஃபியூஸ் போயிருந்தது. 'அப்பாடா' என்று மூச்சு விட்டேன். ஆனால், புகை நிற்கவில்லை. இன்னும் அதிகமாயிற்று.

அத்தை பையன்தான் சுதாரித்தான். டிக்கியைத் திறந்து, ஸ்பேனரால் பின் பேட்டரியின் மைனஸ் கிளாம்ப்பைக் கழற்றி எறிந்தான். புகை மெல்ல அடங்கியது. பார்த்தால், கார்ப்பெட்டில் நீளமாகக் கருகிய கோடு. அதன் மேல் என் மகளின் ரப்பர் செருப்பு, பாதி உருகி.

மறுவாரம் புதுப்பேட்டையில் முப்பது வருஷமாகக் கார் ஒயரிங் பார்க்கும் ஒரு பாயிடம் போனோம். ஒயரை உருவிப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டார்: "ஃபியூஸ் யாருக்காக சார்?"

"ஆம்பிளிஃபயருக்கு."

"இல்ல சார். ஒயருக்கு."

எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகரத்தில் ஓட்டை போட்டு ஒயரை நுழைத்திருந்தோம். ஓட்டையில் ரப்பர் வாஷர் போடவில்லை. அதிர்வில் தகரம் ஒயரின் தோலை அறுத்துவிட்டது. ப்ளஸ் ஒயர் பாடியில் பட்டால் ஷார்ட். முன் பேட்டரியின் ஃபியூஸ் உடனே தன் உயிரைக் கொடுத்துக் கடமையைச் செய்தது. ஆனால், அதே ஒயரின் மறுமுனையில் இன்னொரு பேட்டரி உட்கார்ந்திருக்கிறதே! அதைத் தடுக்க ஆளே இல்லை. ஒயரின் தடை, இணைப்புகள், பேட்டரியின் உள்தடை எல்லாம் சேர்த்து 0.02 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-ஐ அதால் வகுத்தால் 600 ஆம்பியர். உங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. இழுப்பது ஏழெட்டு ஆம்பியர்தான். ஒயர் அடுப்புக் கம்பியாகிவிடாதா? பத்தாம் வகுப்பு ஓம் விதி! மார்க் வாங்கியதோடு மறந்துவிட்டேன்.

பாய் அன்று சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேட்டரியோ அத்தனை ஃபியூஸ். ஒவ்வொன்றும் அதனதன் ப்ளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். முனைக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்குப் பாதுகாப்பே கிடையாது. ஃபியூஸின் அளவு அந்த ஒயர் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். அப்போதுதான் ப்ளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. புது பேட்டரியையும் கிழட்டு பேட்டரியையும் நேரடியாகச் சேர்த்துக் கட்டாதீர்கள். கிழம் புதுசை உறிஞ்சிவிடும். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, நின்றதும் பிரிக்கும் ஐசொலேட்டர் ரிலே கிடைக்கிறது. அது இருந்தால் ராத்திரி முழுக்கப் பாடினாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும். ரிலே இருக்கிறதே என்று ஃபியூஸை மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். மூடிய டிக்கியில் அதற்கு இடமில்லை. இப்போது வரும் லித்தியம் பேட்டரியைப் பழைய ஈய பேட்டரியோடு அப்படியே இணைப்பது கூடவே கூடாது. நடுவில் அதற்கான சார்ஜர் வேண்டும்.

தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஃபியூஸுக்கு 'மின் உருகி' என்று பெயர். நல்ல பெயர். நமக்காக உருகுவது. அது உருகாவிட்டால் வேறு ஏதாவது உருகும். எங்களுக்கு ஒரு ஜோடி செருப்போடு போயிற்று.

பாய் கூலி வாங்கிக்கொண்டு, "வீட்ல ஃபியூஸ் எப்டி சார்?" என்றார் சாதாரணமாக. நான் பதில் சொல்லவில்லை. அடிக்கடி போகிறதே என்று எங்கள் வீட்டு கிட்காட்டில் நான்கு இழை தாமிரக் கம்பியை முறுக்கிக் கட்டியவன் நான்தான். அன்று ராத்திரி மெயினை அணைத்துவிட்டு, மகள் டார்ச் பிடிக்க, அதைப் பிடுங்கினேன்.

உங்கள் வீட்டில் எப்படி?