கூட்டு வட்டி நடத்திய வாத்தியார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

முப்பத்திரண்டு வருடம் ஆரணியில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். கூட்டு வட்டியைக் கரும்பலகையில் எத்தனை முறை போட்டிருப்பேன்! அப்படிப்பட்டவன், மாதம் 10 சதவீத வட்டி என்று சொன்ன ஒரு நிறுவனத்தில் 2 லட்சம் கட்டினேன். ஐந்து மாதம் வட்டி ஒழுங்காக வந்தது. ஆறாவது மாதம் அலுவலகக் கதவில் பூட்டு.

என் பணம் போனதுகூடப் பரவாயில்லை. எங்கள் தெருவில் பட்டுத்தறி நெய்யும் ஒரு தம்பதி, மகளை நர்சிங் படிக்கவைக்கச் சேர்த்த காசை அங்கே போட்டிருந்தார்கள். "சாரே போட்டிருக்காரு, அப்புறம் என்ன?" என்று நம்பித்தான் போட்டார்களாம்.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இப்போது சட்டக் கல்லூரிப் பேராசிரியர். பொருளாதாரக் குற்றங்கள்தான் அவன் ஆய்வு.

"புகார் கொடுத்தீங்களா சார்?"

இல்லை என்றேன். கணக்கு வாத்தியாரே ஏமாந்தார் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம். போதாததற்கு, பணம் வாங்கிய ஏஜென்ட்டும் என்னிடம் படித்தவன்.

அவன் ஒரு விஷயம் சொன்னான். எட்வின் சதர்லேண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியல் பேராசிரியர், மதிப்பான இடத்தில் இருப்பவர்கள் தொழிலுக்குள்ளேயே செய்யும் குற்றத்துக்கு 1939-ல் 'வெள்ளைக் காலர் குற்றம்' என்று பெயர் வைத்தார். 70 பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து 1949-ல் புத்தகம் வெளியிட்டார். வழக்குக்குப் பயந்து நிறுவனங்களின் பெயர்களை எடுத்துவிட்டார்கள். பெயர்களோடு முழுப் புத்தகம் வந்தது 1983-ல். அவர் இறந்து 33 வருடம் கழித்து.

"பேரைச் சொல்லாம விட்டா அவங்களுக்குத்தான் சார் லாபம். எங்கப்பா கூலியில மிச்சம் பிடிச்ச காசுதான் நான் படிச்ச படிப்பு. அந்தப் பொண்ணோட படிப்பைத்தான் இவங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க."

பணம் கட்டி ஏமாந்தவர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நிறுவனத்தின் சொத்தை அரசு முடக்கலாம். சிறப்பு நீதிமன்றம் வழியாகப் பணத்தைப் பங்கிட்டுத் தரலாம். குற்றவாளிக்கு 10 வருடம் வரை சிறை. 2011-ல் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் யார் எவ்வளவு கட்டினார்கள் என்று நாம் போய்ச் சொன்னால்தானே பங்கிட முடியும்?

அன்று இரவு காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். 1 லட்சம், மாதம் 10 சதவீதம், கூட்டு வட்டி: ஐந்து வருடத்தில் 3 கோடிக்கு மேல். எந்தப் பட்டு வியாபாரத்தில் இப்படி லாபம் வரும்? இந்தக் கணக்கைப் போட எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. கட்டும் முன்பு அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

மறுவாரம் அந்தத் தம்பதியோடு பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸுக்குப் போனேன். புகாரில் ஏஜென்ட்டின் பெயரை எழுதும்போது கை நடுங்கியது. எழுதிவிட்டேன்.

நம் ஊரில் இன்னும் பலர் ரசீதை பீரோவில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறீர்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள், நானும் கூட வருகிறேன். ஊர் சிரிக்குமென்றால் முதலில் இந்த வாத்தியாரைப் பார்த்துச் சிரிக்கட்டும்.