லாங் பஜாரில் எழுதிய ஒரு பக்கப் புகார்

வேலூர் லாங் பஜாரில் பொழுது சாயும்போதுதான் கொஞ்சம் மூச்சு விட முடியும். அன்றைக்கு மூட்டை இறக்கி முடித்த ஒரு லோடுமேன், மளிகை மண்டிக்குள் கணக்கு எழுதும் பெரியவரிடம் போய்த் தயங்கி நின்றார். பின்னால் அவருடைய மகள். பி.காம். இரண்டாம் ஆண்டு. கையில் பாலித்தீன் கவர்.

"ஐயா, பொண்ணுக்கு காலேஜ்ல ஒரு பிரச்னை. லெட்டர் எழுதணும்."

பிரச்னை இதுதான். காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் அவளுக்கு இன்டர்னல் 25-க்கு 6 என்று வந்திருந்தது. செமஸ்டர் தேர்வில் 75-க்கு 32. மொத்தம் 38. தேர்ச்சிக்கு வேண்டியது 40. ஆக, அரியர். வகுப்பில் திருத்திக் கொடுத்த டெஸ்ட் பேப்பர்களையும் அசைன்மென்ட்டையும் கூட்டினால், இன்டர்னல் 19 வரவேண்டும். ஆசிரியரிடம் இரண்டு முறை கேட்டாள். "அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கோம்மா, ஒரு பேப்பர்தானே" என்றார். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது என்பது அவருக்கு நினைவில்லையோ என்னவோ.

அம்மாவுக்கு லெட்டரே வேண்டாம். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருப்பவர். காலையில் கம்பெனி பஸ்ஸுக்குப் பள்ளிகொண்டாவில் போய் நின்றால், வீடு திரும்ப இருட்டிவிடும். "வாத்தியாரைப் பகைச்சுக்கிட்டா மிச்ச பேப்பர்லயும் கை வெப்பாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தப் பயத்தைக் குறை சொல்வதற்கில்லை. பாடத்துக்கு 25 மதிப்பெண் ஒருவர் கையில் இருக்கும்போது, யாருக்கும் அந்தப் பயம் வரும்.

பெரியவர் சிரித்தார். "எழுதாக் கடனுக்கு அழுதா தீருமா? நீ ரெண்டு வாட்டி கேட்டதுக்கு என்ன சாட்சி? எழுதிக் குடு, தேதி போட்டுக் குடு."

அவள் எழுதி வைத்திருந்தது இரண்டு பக்கம். அம்மாவின் கஷ்டம், அப்பாவின் முதுகுவலி, ஆசிரியருக்கு யார் யார் செல்லம் என்பது வரை எல்லாம் இருந்தது. பெரியவர் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். "இதெல்லாம் நெஜம்தான் கண்ணு. ஆனா கமிட்டிக்கு வேண்டியது இது இல்ல. வரவேண்டியது 19, வந்தது 6, ஏன்? அதை மட்டும் கேளு. யாரையும் திருடன்னு சொல்லாத."

கடைசியில் மிஞ்சியது ஒரே பக்கம். பதிவு எண், பாடக் குறியீடு, டெஸ்ட் நடந்த தேதிகள், ஆசிரியரிடம் கேட்ட நாட்கள், என்ன திருத்தம் வேண்டும் என்பது. கூடவே டெஸ்ட் பேப்பர்களின் ஜெராக்ஸ். ஒரிஜினலைக் கொடுக்கவே கூடாது என்றார். புகாரில் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு சீல் வாங்கவேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். அந்த ரசீதும் சாட்சிதான்.

யாரிடம் கொடுப்பது? அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2023 ஏப்ரலில் யுஜிசி கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கவேண்டும். பேராசிரியர் ஒருவர் தலைவர், மூத்த ஆசிரியர்கள் நான்கு பேர் உறுப்பினர்கள். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். குழுவில் ஒரு பெண்ணாவது இருந்தாகவேண்டும், எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினரில் ஒருவராவது இருந்தாகவேண்டும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குழு அறிக்கை தருவது நல்லது என்கிறது விதி. அதன் நகல் மாணவருக்கும் வரவேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால், 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகம் நியமித்த ஆம்புட்ஸ்பர்சன் என்ற குறைதீர் அதிகாரியிடம் மேல்முறையீடு. ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் 30 நாட்களுக்குள் தீர்த்துவைக்க முயலவேண்டும். வெறுமனே 'மார்க் குறைவு, திரும்பத் திருத்துங்கள்' என்றால் அவர் எடுத்துக்கொள்ள மாட்டார். இன்ன இடத்தில் இன்ன முறைகேடு அல்லது பாரபட்சம் என்று காட்டவேண்டும். பெரியவரின் பென்சில் அடித்ததற்குக் காரணம் இப்போது புரியும்.

வேறு கல்லூரிக்குப் போகும் மாணவரின் டி.சி.யையும் மார்க்‌ஷீட்டையும் ஃபீஸுக்காகப் பிடித்துவைப்பதும் இதே விதிமுறைகளில் புகாருக்குரியதுதான். ஸ்காலர்ஷிப் தாமதமும் அப்படியே. பாலியல் தொல்லை என்றால் வழி வேறு: கல்லூரியின் உள் புகார் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். ராகிங்குக்கு 1800-180-5522. நாவரசு கொலைக்குப் பிறகு 1997-லேயே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. பல்கலைக்கழகம் திருத்திய விடைத்தாளை மாணவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம் என்று 2011-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் சீல் போட முதலில் மறுத்தார்கள். அவள் கவுன்ட்டரை விட்டு நகரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து சீல் விழுந்தது. அன்றிரவு அம்மா அவளோடு பேசவில்லை.

பதினோராவது வேலை நாளில் குழு கூப்பிட்டது. ஆசிரியரும் வந்திருந்தார், மதிப்பெண் பதிவேட்டோடு. புரட்டிப் பார்த்ததும் அவர் முகம்தான் முதலில் மாறியது. பகையும் இல்லை, பாரபட்சமும் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது அடுத்தடுத்த இரண்டு பதிவு எண்களின் மதிப்பெண் இடம் மாறியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குத் திருத்தம் எழுதுவதாகக் குழு சொன்னது. அவளுக்கு 51. பாஸ்.

ஆனால் அடுத்த பதிவு எண் அவளுடைய தோழியுடையது. தினமும் ஒரே பஸ். அந்தப் பெண் செமஸ்டரில் 33 எடுத்திருந்தாள். இன்டர்னல் 6 ஆனதும் மொத்தம் 39. ஒரு மதிப்பெண்ணில் அரியர். அதன் பிறகு பஸ்ஸில் இருவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள்.

பத்து நாள் போயிருக்கும். லாங் பஜார் மண்டி வாசலில் இரண்டு பெண்களும் சேர்ந்து வந்து நின்றார்கள். தோழியின் கண் சிவந்திருந்தது.

"ரீவேல்யூவேஷன் போட்டிருப்பேன் தாத்தா. பாஸ்னு வந்ததால போடல. இப்ப தேதி முடிஞ்சுபோச்சாம்."

"தேதி முடிஞ்சது உன் தப்பா?"

"இல்ல."

"அப்போ அதையே எழுது. தப்பா ஏத்துனது யாரு, உனக்கு என்னைக்குத் தெரிஞ்சது, கடைசித் தேதி என்னைக்கு. மூணே வரி."

தோழிக்குக் கை நடுங்கியது. பெரியவர் நீட்டிய பேனாவை லோடுமேனின் மகள் வாங்கிக்கொண்டு, மிளகாய் மூட்டையின் மேல் காகிதத்தை வைத்தாள்.