அம்மாவின் இடது கண்

2025 ஜூன் 2, திங்கள்

நாளைக்கு அம்மாவுக்கு ஊசி. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன்.

மூன்று வருடமாக இடது கண் துடிக்கிறது. முதலில் இமை மட்டும்தான். பிறகு கன்னம், வாயோரம். பெண்களுக்கு இடக்கண் துடித்தால் நல்லது என்று தெருவே சொன்னது, அம்மாவும் நம்பினாள். பூ விற்கும் இடத்தில் எவனோ, "என்னைப் பாத்துக் கண்ணடிக்குது" என்று சொல்லிச் சிரித்தானாம். அன்றிலிருந்து முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டுதான் பூக் கட்டுகிறாள். முதலில் பார்த்த டாக்டர் மனக்கவலை என்று தூக்க மாத்திரை எழுதினார். ஒரு வருடம் வீணானது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. மூளையின் அடியில் ஒரு ரத்தக்குழாய் முகநரம்பை அழுத்துகிறது என்று நரம்பியல் டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஜூன் 3, செவ்வாய்

செங்குன்றம் வழியாக சென்னை. எங்களுக்கு முன்னால் பக்கவாதத்தில் விரல்கள் மடங்கி இறுகிப்போன ஒரு பெரியவர், குதிகால் தரையில் படாமல் நடக்கும் ஒரு குழந்தை, கழுத்து ஒரு பக்கமே திரும்பி நின்றுவிட்ட ஒரு பெண். எல்லோருக்கும் அம்மாவுக்குப் போடப்போகிற அதே மருந்துதான்.

ஃபிரிட்ஜிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தார்கள். உள்ளே மருந்து இருப்பதே தெரியவில்லை. உப்பு நீர் விட்டுக் கரைத்து, மெல்லிய ஊசியால் கண்ணைச் சுற்றித் துளித்துளியாகப் போட்டார்கள். அம்மா என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"போடாக்ஸா? சினிமாக்காரங்க சுருக்கம் போகப் போட்டுக்கிறதாச்சே!" என்றாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "கண்ணுக்குத்தாம்மா முதல்ல வந்துச்சு." அமெரிக்காவில் 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி, புருவச் சுருக்கத்துக்கு 2002இல்தான். கண் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் நெற்றிக்கோடு மறைவதைக் கனடாவின் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ் கவனித்ததில் தொடங்கியதாம் அழகு வைத்தியம்.

ஜூன் 4, புதன்

மாற்றம் இல்லை. இரவு உட்கார்ந்து படித்தேன். கெட்டுப்போன இறைச்சியில் வளரும் கிருமியின் நஞ்சுதான் இந்த போடாக்ஸ். உணவோடு உள்ளே போனால் மூச்சுத் தசையே நின்றுவிடும். 1820களில் ஜெர்மனியில் தொத்திறைச்சி தின்று செத்தவர்களை ஆராய்ந்த யுஸ்டினுஸ் கெர்னர், இதே நஞ்சு மருந்தாகலாம் என்று அப்போதே எழுதியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட மனசு!

எலக்ட்ரீஷியனான எனக்கு விளங்கியது இப்படி: நரம்பில் கரண்ட் வருகிறது. ஆனால் நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியேறினால்தான் தசை சுருங்கும். அதை வெளியே தள்ள உதவும் ஸ்நாப்-25 என்ற புரதத்தை நஞ்சு வெட்டிவிடுகிறது. லைனில் கரண்ட் இருக்கிறது, மோட்டார் ஓடாது.

ஜூன் 7, சனி

காலையில் காபி குடிக்கும்போது அம்மாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளர் காலியாகும்வரை இரண்டே தடவைதான் துடித்தது.

ஜூன் 15, ஞாயிறு

நின்றேவிட்டது. இமை கொஞ்சம் கனக்கிறது, கண்ணில் நீர் வடிகிறது. சில வாரத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். பார்லரில் மலிவாகப் போடுகிறார்களாமே என்று தங்கச்சி கேட்டாள். அந்தப் பக்கமே போகாதே என்று கண்டித்துச் சொன்னேன். யூனிட் கணக்கும் தசையின் இடமும் தெரிந்த டாக்டர் கையில்தான் இது மருந்து.

சாயங்காலம் அம்மா சோழவரம் ஏரிக்கரையில் நடந்தாள். முந்தானை இடுப்பில் செருகியிருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

இமை மறுபடி லேசாக அடிக்கிறது. நரம்பு நுனி மெல்ல மெல்லப் பழைய வேலைக்குத் திரும்பிவிடுமாம். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு ஊசி. எனக்குத்தான் மனம் கனத்தது. அம்மா காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, "செவ்வாக்கிழமை போய்ட்டு வந்துடலாம்டா, வெள்ளிக்கிழமை பூ வியாபாரம் இருக்கு" என்றாள்.