கடனறியாத எண்

தஸ்பீஹ் ஓதுவோர் கையில் வைத்திருக்கும் சிறு எண்ணுங்கருவியை வாசகர்கள் அறிவார்கள். நான்கு இலக்கக் கருவி 9999 வரை எண்ணும். அடுத்த அழுத்தத்தில் 0000 என நிற்கும். ஓதியது குறையவில்லை, கருவியின் கொள்ளளவு முடிந்தது, அவ்வளவே.

கணிப்பொறியின் எண்களுக்கும் இத்தகைய வரம்புண்டு. அது யாவற்றையும் 0, 1 என்னும் இரு குறிகளால் எழுதுகிறது. எட்டு இடங்கள் சேர்ந்த ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை அடங்கும். பதினாறு இடங்களில் 65,535 வரை. முப்பத்திரண்டு இடங்களிலோ 429 கோடியைத் தாண்டும். இவை கழித்தற்குறி ஏற்காத முழு எண்கள். அக்குறியும் வேண்டுமெனில் ஒரு பைட்டில் −128 முதல் 127 வரையே கிட்டும். ஆள்தொகை சுழியத்துக்குக் கீழே போகாது. அதற்குக் குறியில்லா எண் பொருத்தமே. கடனுக்குப் பொருந்துமா?

தியாகராய நகரில் நாம் அறிந்த வட்டியில்லாக் கடன் நிதி ஒன்று தன் கணக்கைக் கணிப்பொறிக்கு மாற்றியது. தையல் தொழில் செய்யும் மூதாட்டி ஒருவருக்குக் கடன்பாக்கி 450 ரூபாய். அவர் 500 ரூபாய்த் தாளைக் கொடுத்தார். அவர் பெயருக்கு நேரே 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 246 ரூபாய் பாக்கி என்று திரை காட்டியது!

"நான் இவ்வளவு வாங்கவில்லையே, தம்பி" என்று அவர் நடுங்கினார். நிரல் எழுதிய இளைஞர் நம்மிடம், "ஹஜ்ரத், இந்த எண்ணுக்குச் சுழியத்தின் கீழே இறங்கத் தெரியாது, பின்னோக்கிச் சுழன்று உச்சிக்குப் போய்விட்டது" என்றார். பொறி தவறவில்லை. குறியில்லா எண் இவ்வாறு சுழல வேண்டும் என்பது 'சி' என்னும் கணிமொழியின் விதியே.

சூழ இருந்தோர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. அவ்வெண் பதினாறு இடங்களுள் அமைந்திருந்தால் 65,486 ரூபாய் என்று காட்டியிருக்கும். அதைக் கண்டு எவரும் நகைத்திருக்க மாட்டார், நம்பியிருப்பர். நம்பத்தக்க பொய்யே ஏழையை வருத்துவது.

வெறுமை எனப் பொருள்படும் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தே மேனாட்டார் சுழியத்துக்குப் பெயர் பெற்றனர். அதற்கும் முன்பே, கி.பி. 628இல், பிரம்மகுப்தர் சுழியத்துக்குக் கீழுள்ள எண்ணைக் 'கடன்' என்றும், மேலுள்ளதைச் 'செல்வம்' என்றும் வழங்கி விதி வகுத்தார். கடனறியாத எண்ணிடம் கடன் கணக்கை ஒப்படைத்ததே இங்கு நேர்ந்த பிழை.

திருமறையின் மிக நீண்ட வசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது, கடனை எழுதுவது பற்றியது. எழுதுவோர் நீதியோடு எழுத வேண்டும் என்று அது பணிக்கிறது. இன்று நிரல் எழுதுவோரும் அவ்வெழுத்தரே அல்லரோ?

அவ்விளைஞர் அன்றே நிரலைத் திருத்தினார். கழிக்குமுன் பாக்கியையும் செலுத்தும் தொகையையும் அது ஒப்பிடும்; மிகுந்தது தனிப்பத்தியில் அமானத்தாகப் பதிவாகும். அந்த ஐம்பது ரூபாய் மூதாட்டியின் உரிமை. அதற்கு நிதியே கடனாளி. எழுதப்படாது போன ஒரு சிறு கழித்தற்குறி, கொடுக்க வேண்டியவரையும் பெற வேண்டியவரையும் இடம் மாற்றிவிட்டது. நிரல் கற்கும் நம் பிள்ளைகள், எண்ணுக்கு இடம் ஒதுக்கும்போதே இதனை நினைவிற் கொள்வார்களாக.