தகரப் பெட்டி

சில வீடுகளில் நகைகளைப் பூட்டி வைத்திருப்பார்கள்; சில வீடுகளில் நிலப் பத்திரங்களை. என் வீட்டில் பூட்டுப் போட்டிருப்பது ஒரு தகரப் பெட்டிக்கு. அதை உடைத்துப் பார்க்கும் திருடன் என்னைச் சபித்துவிட்டுத்தான் போவான். ஆணி கழன்ற பம்பரம் ஒன்று, கோலிக்குண்டுகள் பதினேழு, அட்டையில்லாத அம்புலிமாமா இதழ்கள் சில, பள்ளிக்கூடத்துப் பூகோளப் படப் புத்தகம், கட்டைவிரல் உயரத்தில் ஒரு மர உரல். இவ்வளவுதான் அதிலுள்ள ஆஸ்தி.

மலைநாட்டில் எதையும் காப்பாற்றி வைப்பது எளிதன்று. நான் பிறந்து வளர்ந்த பண்ணைக்காட்டு வீட்டில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் சுவர் வேர்க்கும், துணி காயாது, புத்தகங்களில் பூஞ்சைக்காளான் படரும். காளானுக்குத் தப்பியதை இராமபாணப் பூச்சி அரிக்கும். அம்மா வசம்பும் வேப்பிலையும் போட்டு வைப்பாள். நான் அந்துருண்டை போடுகிறேன். மழைக்காலம் போனதும் எல்லாவற்றையும் வெயிலில் பரப்புவேன். மகள் பக்கத்தில் வந்து உட்காருவாள். "தொடாதே" என்பேன்.

"இது யாருதுப்பா?" என்று ஒரு நாள் உரலைக் காட்டிக் கேட்டாள்.

"அது பெரிய கதை" என்று சொல்லி மழுப்பினேன். உண்மையில் அது சின்னக் கதைதான். ஆனால், திருட்டுக் கதை.

1990-ல் தங்கைக்கு முடியிறக்கப் பழனிக்குப் போனோம். எனக்கு அப்போது ஏழு வயது. அடிவாரத்துக் கடை ஒன்றில், சாவி கொடுத்தால் ஓடும் சிவப்புக் கார் ஒன்றைக் கண்டேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பா வாங்கித் தரவில்லை. மொட்டைத் தலையோடு நின்ற தங்கைக்கு மட்டும் ஒரு மரச் சொப்புச் செட்டு வாங்கிக் கொடுத்து, என்னைத் தரதரவென்று பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்த இரவே அந்தச் சொப்பிலிருந்து உரலை எடுத்து ஒளித்து வைத்தேன். அப்பாவுக்குப் பெண் குழந்தைதான் செல்லம் என்பது என் தீர்ப்பு. உரலோடு சேர்த்து அந்தத் தீர்ப்பையும் பூச்சி அரிக்காமல் காப்பாற்றி வந்தேன்.

பூகோளப் படப் புத்தகத்துக்குள் ஒரு குறிஞ்சிக் கொத்து இருக்கிறது. 1994-ல் மலை நீலமாக மாறியபோது பறித்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்துவிட்டு மடியும் செடி அது. பிறகு 2006-லும் 2018-லும் பூத்தது. நான் வைத்த கொத்து வைக்கோல் நிறமாகிவிட்டது. அது ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆசையோடு ஒரு முறை செண்பகனூர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1895-ல் ஏசுசபையார் அமைத்த கல்லூரியைச் சேர்ந்தது அது. பாடம் செய்த விலங்குகளும் பறவைகளும் கண்ணாடிக்குள் நின்றன.

செடிகளை உலர்த்துகிறவர்கள் தாளை அடிக்கடி மாற்றி ஈரத்தை வாங்குவார்கள். பிறகு அட்டையில் ஒட்டுவார்கள். அதோடு வேலை முடிந்துவிடாது. எந்த இடம், எந்த நாள், பறித்தவர் யார் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டவேண்டும். நிறம் போனாலும் பாதகமில்லை. சீட்டுப் போனால் அது வெறும் சருகு. பழனி மலைத் தாவரங்களைப் பற்றி மாத்யூ பாதிரியார் 1999-ல் வெளியிட்ட பெருநூலுக்குப் பின்னால் அப்படிப்பட்ட சீட்டுகள் எத்தனை இருந்திருக்கும்!

சீட்டு இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதற்கும் எங்கள் மலையிலேயே சாட்சி உண்டு. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய கல்திட்டைகள் இங்கே நிறைய. செண்பகனூரிலிருந்த ஆங்கிலாட் பாதிரியார் அவற்றைத் தேடி அலைந்து, இன்னொருவரோடு சேர்ந்து 1928-ல் புத்தகமே எழுதினார். அவை பழங்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஆனால், எழுப்பியவர்களின் கதை மறைந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் சின்னச் சின்னக் கல்லறைகளைப் பார்த்து, குள்ளர்கள் வாழ்ந்த வீடுகள் என்று சொல்லிவிட்டார்கள். கல் அழியவில்லை, கதை மாறிப்போயிற்று.

வீட்டுக்குத் திரும்பியதும் காகிதமும் பசையும் எடுத்துக்கொண்டு அம்மாவின் முன் பெட்டியைத் திறந்து வைத்தேன். அவளுக்கு வயது எழுபத்தைந்து. காலையில் என்ன சாப்பிட்டாள் என்பது மறந்துவிடுகிறது. பழையது மறப்பதில்லை.

உரலைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "பழனியிலே வாங்கினதுல்ல? உங்கப்பா கடியாரம் போன அன்னிக்கு."

"எந்தக் கடியாரம்?"

"ஏப்பா, உனக்குத் தெரியாதா? அந்த வருஷம் தோட்டத்திலே முக்காவாசி வாழையைத் தோண்டி அழிச்சாச்சு. சாமி வேண்டுதலைத் தள்ளிப் போடக் கூடாதுன்னு, பழனியிலே இறங்கினதும் கைக்கடியாரத்தை வித்தாரு. சொப்பு சல்லிசா கிடைச்சுச்சு. காருக்குக் குடுத்தா பஸ்ஸுக்குக் காசு இருக்காது. நீ அழுத அழுகையிலே அன்னிக்கு அவரு சாப்பிடவே இல்லை."

எங்களுடையது மலைவாழைத் தோட்டம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன வாழை. அதற்கு முடிக்கொத்து நோய் கண்டால் இலைகள் உச்சியில் குறுகிக் கொத்தாக நின்றுவிடும், குலை தள்ளாது. அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்து மரத்துக்கும் கொண்டு போகும். வேரோடு தோண்டி அழிப்பதைத் தவிர வேறு மருந்தில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தோட்டம் அழிந்ததும் தெரியும். அதையும் அந்தச் சிவப்புக் காரையும் நான் ஒரு நாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அப்பா எதிரே வருகிற யாரையும், "மணி என்னாச்சு, தம்பி?" என்று கேட்பார். பேச்சுக் கொடுப்பதற்காகக் கேட்கிறார் என்றே எண்ணியிருந்தேன். பிறகு அவர் கடிகாரம் வாங்கவே இல்லை. 2011-ல் அவர் இறந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்றிரவு தங்கைக்குப் போன் செய்து திருட்டை ஒப்புக்கொண்டேன். "அது எனக்கு அப்பவே தெரியும், அண்ணே" என்றாள். "அப்பாகிட்டே சொன்னேன். 'இருக்கட்டும், அவனுக்கு ஒண்ணும் வாங்கலையே'ன்னுட்டாரு."

மறுநாள் மகளிடம் உரலைக் கொடுத்தேன். அவள் அதில் ஒரு பூவை இடித்துக்கொண்டிருந்தபோது சீட்டு எழுதினேன். 'மர உரல். பழனி அடிவாரம், 1990. தங்கையுடையது, நான் எடுத்தது, அப்பாவுக்குத் தெரியும்.'

இன்னொரு சீட்டும் எழுதினேன். 'கைக்கடிகாரம். பழனி, 1990. அப்பாவுடையது.' ஒட்டுவதற்குப் பொருள் இல்லை. பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.