ஏரோப்ளான் களம்

உளுந்தூர்பேட்டையில ரெண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒண்ணு கிடக்கு. அதுல விமானம் இறங்கி நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அது களம். மல்லாட்டை, கம்பு எல்லாம் அங்கதான் காயும்.

போன மாசம் ஒரு பைலட் தம்பி காரை நிறுத்திட்டு வந்தார். வந்ததும் மூஞ்சியைக் காத்துக்குக் காட்டி நின்னார். பெரும்பாலும் காத்து அடிக்கிற திசையைப் பார்த்துத்தான் ஓடுதளம் போடுவாங்களாம்; எதிர்காத்துல இறங்கணுமே. அட, கம்பு தூத்த இந்த இடம் இவ்வளவு தோதா இருக்கிறது அதனாலதானா!

மேயுற மாடுகளைப் பார்த்து, "மேலேருந்து இதைப் பார்த்தா இறங்க மனசு வராதுண்ணே"ன்னார்.

மறுபடி விமானம் வரும்னு ஊர்ல ஒரு பேச்சு. வந்தா வேலி போட்டுடுவாங்களான்னு கேட்டேன்.

"முதல் வேலையே அதுதாண்ணே."

சொல்லிட்டு, சிதறிக் கிடந்த ரெண்டு மல்லாட்டையைக் குனிஞ்சு எடுத்துக் குவியல்ல போட்டார்.